கொல்லைப்புறத்தில் தொட்டிக் காய்கறி: திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிக்கு ஏற்ற முறைகள்

நெல்லும் வாழையும் கரும்பும் விளைவிக்கும் சிறு விவசாயியின் வீட்டில், கீரைக் கட்டும் பச்சை மிளகாயும் தக்காளியும் விலைக்கு வாங்கப்படுவதை இன்று பல கிராமங்களில் காண்கிறோம். வயல் தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொல்லை ஒரு சென்ட்டுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. சில ஊர்களில் கொல்லை இருந்தும் அதன் மண்ணில் எதுவும் முளைப்பதில்லை. இத்தகைய வீடுகளுக்குத் தொட்டித் தோட்டம் ஒரு நல்ல வழியாகும்.

ஆனால் தொட்டி வாங்கி, மண் நிரப்பி, விதை போட்டால் போதும் என்று தொடங்கிய பலர் இரண்டாவது பயிரிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். முதல் பயிர் நன்றாக வருகிறது. இரண்டாவது பயிர் மஞ்சளாகிக் குன்றிப் போகிறது. இதற்குக் காரணம் விதையோ ராசியோ அல்ல. தொட்டியில் உள்ள மண் எப்படி வேலை செய்கிறது, அதற்கு ஊற்றும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் கவனிக்காததே காரணம். திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோ மீட்டருக்குள் மண்ணும் தண்ணீரும் முற்றிலும் மாறிவிடுகின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் தீவில் செய்வதை அப்படியே மணிகண்டம் பக்கத்தில் செய்தால் பலன் கிடைக்காது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

முதலில் கணக்கைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி தேவை என்றும், அதில் 50 கிராம் கீரையாக இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 1,200 கிராம் காய்கறி ஆகிறது.

இதை முழுவதும் தொட்டியில் எடுக்க முடியாது. கிள்ளிப் பறிக்கும் கோ 3 தண்டுக்கீரை, நல்ல பராமரிப்பில், 3 மாதத்தில் பத்து முறை பறிப்பில் எக்டருக்குச் சுமார் 30 டன் தருகிறது. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோ. 2 அடிக்கு 2½ அடி அளவுள்ள தட்டு நான்கு வைத்தால் சுமார் 2 சதுர மீட்டர் ஆகும். அதில் 3 மாதத்தில் 6 கிலோ, வாரத்துக்கு ஏறத்தாழ அரை கிலோ கீரை கிடைக்கும். வாரத்தில் இரண்டு நாள் குழம்புக்கோ பொரியலுக்கோ இது போதும்.

ஆகவே தொட்டித் தோட்டத்தில் எதை வளர்க்கலாம் என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கீரை, பச்சை மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை ஆகியவை ஏற்றவை. இவை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படுபவை. வாங்கி வைத்தால் வாடிப்போகக் கூடியவை. முட்டைகோஸ், உருளைக்கிழங்கு போன்றவற்றைச் சந்தையில் வாங்குவதே சிக்கனம். தொடக்கத்தில் 4 கீரைத் தட்டுகள், தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை ஒவ்வொன்றுக்கும் 4 தொட்டிகள், கறிவேப்பிலைக்கும் புதினாவுக்கும் ஒவ்வொரு தொட்டி என்று வைத்துக்கொண்டால் வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் அரை மணி நேரத்தில் கவனித்துக்கொள்ளலாம்.

தொட்டி மண்ணும் வயல் மண்ணும் ஒன்றல்ல

வயலில் பாய்ச்சும் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மேல் மண்ணில் உள்ள ஈரத்தை அடி மண் இழுத்துக்கொள்ளும். தொட்டியில் அப்படி இழுக்க அடி மண் கிடையாது. தண்ணீர் அடித் துளை வரை வந்து, அங்கே தங்கிவிடும். அடியில் உள்ள இரண்டு மூன்று அங்குல மண், துளை இருந்தாலும், தண்ணீர் ஊற்றிய பின் சேறு போல நிறைந்தே இருக்கும். மண் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு இந்த ஈரம் நிற்கும். வேருக்குக் காற்று வேண்டும். அது கிடைக்காமல் அடி வேர் அழுகுவது இதனால்தான்.

இதற்குப் பரிகாரமாகத் தொட்டியின் அடியில் கருங்கல் சல்லியும் ஓட்டுச் சில்லும் அடுக்கும் வழக்கம் இருக்கிறது. இது பயன் தருவதில்லை. பொடி மண்ணில் உள்ள தண்ணீர், அது முழுதும் நிறைந்த பிறகே கீழுள்ள பெரிய இடைவெளிகளுக்கு இறங்கும். ஆகவே சேறு நிற்கும் அடுக்கு சல்லிக்கு மேலே ஏறிக்கொள்கிறதே தவிரக் குறைவதில்லை. வேருக்குக் கிடைக்கும் ஆழம்தான் குறைகிறது. துளையின் மேல் ஒரே ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் ஒழுகாமல் இருக்கும், அது போதும். வடிகால் சீராக வேண்டுமானால் கலவை முழுவதையும் பொலபொலப்பாக்க வேண்டும். ஆழமான தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே அளவு மண் பிடிக்கும் இரண்டு தொட்டிகளில், அகலமாகவும் ஆழம் குறைவாகவும் உள்ளதைவிட ஆழமானதில் காற்றோட்டம் அதிகம்.

தொட்டிகளைத் தரையில் நேரே வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் மேல் வைத்தால் துளை அடைபடாது, கறையானும் ஏறாது.

எந்தத் தொட்டி, எவ்வளவு ஆழம்?

கீரை, கொத்தமல்லி, வெந்தயக் கீரைக்கு 6 முதல் 8 அங்குல ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஓர் அடிக்குக் குறையாத ஆழமும், 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவும் தேவை. பாகல், புடலை, அவரைக்கு 25 முதல் 30 லிட்டர் வேண்டும். எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் 2 அடி ஆழம் நல்லது. கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை ஒன்றைத் தரையில் வைத்து மண் நிரப்பினால் இவற்றுக்கு நன்றாகப் பயன்படும். அடி இல்லாததால் தண்ணீர் தேங்காது. புதிய சிமெண்டு உறையிலும் தொட்டியிலும் காரம் கசியும். தொட்டியானால் பத்து நாட்கள் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று முறை மாற்றிக் கொட்டிய பிறகே மண் போட வேண்டும். உறைக்கு அதே பத்து நாட்களும் உட்புறத்தில் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவி விட வேண்டும்.

மண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும்; ஆனால் தண்ணீர் அதிகம் தேவைப்படும். கறுப்பு பிளாஸ்டிக் பையும் வாளியும் சித்திரை வெயிலில் சூடேறி, வெயில் படும் பக்கத்து வேரைக் கருக்கிவிடும். அவற்றை நெருக்கமாக அடுக்கி, மேற்குப் பக்கத்தில் சாக்கு கட்டலாம்; அல்லது வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடிக்கலாம். பழைய உரச் சாக்கைப் பாதியாக மடித்து, அடியில் நான்கைந்து துளை போட்டும் பயன்படுத்தலாம். இரண்டு பயிர் வரை தாங்கும். பெயிண்டு வாளியை நன்றாகச் சுரண்டிக் கழுவிக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து வந்த டப்பாவையோ கேனையோ எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தவே கூடாது.

மண் கலவை

பொதுவாகச் செம்மண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு, மணல் அல்லது கருக்கிய உமி 1 பங்கு என்று அளவுக் கூடையால் அளந்து கலக்க வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளுவது குற்றம் என்பதோடு, தேவையும் இல்லை. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைச் சுற்றி உமி தாராளமாகக் கிடைக்கிறது. உமியைக் குவித்து, புகையவிட்டு, கறுப்பாகும் பருவத்தில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டால் கருக்கிய உமி தயார். இது இலேசானது, மண்ணை இறுக விடாது. முழுவதும் எரிந்து வெளுத்த சாம்பல் இதற்கு ஈடாகாது. அது பொடியாக இருந்து துளைகளை அடைப்பதோடு, காரத் தன்மையும் உடையது.

தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பவர்கள் அதைப் பச்சையாகச் சேர்க்கக் கூடாது. அதில் உப்பும் துவர்ப்புப் பொருளும் உண்டு. நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, அல்லது மக்க வைத்துப் பயன்படுத்த வேண்டும். 100 கிலோ நார்க்கழிவுக்கு 500 கிராம் யூரியாவும் 150 கிராம் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் மக்கிக் கறுப்பாகும்.

கலவை சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு தொட்டியை நிரப்பி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். தண்ணீர் உடனே உள்ளே இறங்கி, இரண்டாவது மூன்றாவது செம்பில் அடியில் சொட்டத் தொடங்கினால் நல்ல கலவை. ஐந்து நிமிடம் மேலேயே நின்றால் உமியும் தொழு உரமும் இன்னும் சேர்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கம் தீவுப் பகுதியில்

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், அதற்குக் கிழக்கே திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு வரை உள்ளது ஆற்று வண்டல். வயலில் இதைவிட நல்ல மண் இல்லை. ஆனால் தொட்டியில் தனியே போட்டால் இதுவே தொல்லை தரும். பொடித் துகள்கள் நிறைந்திருப்பதால் ஈரத்தில் சேறாகும். காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே ஓடி அடியில் வந்துவிடும். வேர் உள்ள நடு மண் காய்ந்தே இருக்கும். அடியில் தண்ணீர் சொட்டுகிறதே என்று எண்ணி ஏமாறக் கூடாது. வண்டல் மண் கிடைக்கும் இடத்தில் மண், தொழு உரம், கருக்கிய உமி மூன்றையும் சம பங்காகக் கலக்க வேண்டும். மேல் மண்ணை வாழைச் சருகால் மூடி வைத்தால் சுருங்கி வெடிப்பது குறையும்.

இப்பகுதியில் கிணற்று நீர் பெரும்பாலும் நல்ல நீராக இருப்பதால் தண்ணீரைப் பற்றிய கவலை குறைவு. கவலை வெயிலைப் பற்றியது. நீண்டு குறுகிய கொல்லைகளில் இருபுறமும் சுவரும் தென்னையும் நிழல் விழச் செய்கின்றன. காய்க்கும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர வெயில் தேவை. கீரைக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் போதும். ஒரு நாள் முழுவதும் இரண்டு மணிக்கொரு முறை கொல்லையைப் பார்த்து, வெயில் விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு தொட்டிகளை வைக்க வேண்டும்.

மற்றொன்று வெள்ளம். 2005 நவம்பரில் காவிரியும் கொள்ளிடமும் பெருகித் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த பெருவெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன. தாழ்வான கொல்லைகளில் ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டிகளை இரண்டடி உயர மேடைக்கோ திண்ணைக்கோ ஏற்றிவிடுவது நல்லது. வெள்ள நீர் மூழ்கடித்த கீரையையும் கொத்தமல்லியையும் சமையலுக்கு எடுக்காமல் அழித்துவிட வேண்டும். வெள்ளத்தில் சாக்கடை கலந்திருக்கும்.

மணிகண்டம் பக்கத்தில்: தண்ணீரே நோய்

திருச்சிக்குத் தெற்கே மணிகண்டம், நவலூர் குட்டப்பட்டு வட்டாரத்தில் களர் நிலமும் காரத் தன்மையுள்ள கிணற்று நீரும் உள்ளன. 1989-ல் தொடங்கப்பட்டு இன்று அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் நவலூர் குட்டப்பட்டில் இயங்கும் நிறுவனம், களர் நிலத்துக்கென்றே திருச்சி 1 போன்ற நெல் இரகங்களை வெளியிட்டிருக்கிறது. களரைத் தாங்கும் நெல் உண்டு. களரைத் தாங்கும் அவரையோ தக்காளியோ அப்படிக் கிடைப்பதில்லை. ஆகவே கொல்லை மண்ணை விட்டுவிட்டு, வேறு இடத்து நல்ல மண்ணைத் தொட்டியில் நிரப்புவது இங்கே மிகவும் பொருத்தமான வழியாகும். ஆனால் மண்ணை மாற்றினால் மட்டும் போதாது. ஊற்றுவது அதே கிணற்று நீரானால் நல்ல மண்ணும் ஓரிரு பயிரில் களராகிவிடும். முதல் பயிர் நன்றாக வந்து இரண்டாவது பயிர் கெடுவது இப்படித்தான்.

களர் நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுதி. தொட்டி காயும்போது பைகார்பனேட்டு மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கல்லாக்கிவிடும். அந்த இடத்தில் சோடியம் போய் ஒட்டிக்கொள்ளும். சோடியம் ஒட்டிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் கரைந்து, துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் இறங்காது, காற்றுப் புகாது, இரும்பு, துத்தநாகச் சத்துகளை வேர் எடுக்க முடியாது. தொட்டியில் மண் குறைவு. ஊற்றும் தண்ணீர் அந்த மண்ணுக்கு மிக அதிகம். அதனால் வயலில் பல ஆண்டுகளில் நேரும் கேடு தொட்டியில் சில மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது.

இதை அறியும் அடையாளங்கள்: ஊற்றிய தண்ணீர் மேலே நின்று கலங்கலாக இருக்கும். காய்ந்தபின் மேல் மண் பாளமாகும். இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடையில் மஞ்சளாகும். கறிவேப்பிலையில் இது முதலில் தெரியும்.

நிரப்பப் போகும் மண் களரா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் மழை நீர் எடுத்துக்கொண்டு, காய்ந்த மண்ணில் புளியங்கொட்டை அளவுக் கட்டி ஒன்றை மெதுவாகப் போட வேண்டும். அசைக்கக் கூடாது. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவி, தெளியாமலேயே இருந்தால் அது களர் மண். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயன்படுத்தலாம். கிணற்று நீரில் இந்தச் சோதனையைச் செய்தால் முடிவு தவறாகும்.

ஜிப்சம் எவ்வளவு?

தண்ணீரைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, எஞ்சிய சோடியம் கார்பனேட்டு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 1.25 மில்லி சமானத்துக்குக் குறைவானால் கவலை இல்லை. 2.5-க்கு மேற்பட்டால் பரிகாரமின்றி ஊற்றக் கூடாது. இந்த அளவில் ஒவ்வொரு அலகையும் சரிக்கட்ட, லிட்டர் தண்ணீருக்கு 86 மில்லி கிராம் சுத்தமான ஜிப்சம் தேவை.

உதாரணமாக, ஒரு கிணற்று நீரில் இது 6 என்று வைத்துக்கொள்வோம். தக்காளித் தொட்டிக்குத் தினம் 1 லிட்டர் வீதம் 100 நாளில் 100 லிட்டர் ஊற்றுகிறோம். 6 அலகுக்கு லிட்டருக்கு 516 மில்லி கிராம். 100 லிட்டருக்கு சுமார் 52 கிராம். கடையில் கிடைக்கும் ஜிப்சத்தின் தூய்மை குறைவாதலால் 70 கிராம் என்று கொள்ளலாம். இதில் பாதியைத் தொட்டி நிரப்பும்போது கலவையில் சேர்த்து, மீதியை 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் மேல் மண்ணில் தூவிக் கிளறிவிட வேண்டும். வாரம் ஒரு முறை, அடியில் நன்றாக வடியும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, இடம் பெயர்ந்த சோடியத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டும். வடியாமல் தேங்கினால் ஜிப்சம் இட்டும் பயனில்லை.

உப்புக் கரிக்கும் உவர் நீருக்கு ஜிப்சம் மருந்தல்ல. அதற்கு நல்ல நீரைக் கலப்பதும் உப்பைக் கழுவி வடிப்பதுமே வழி. உங்கள் நீர் களரா உவரா என்பதைப் பரிசோதனையே தெளிவாகச் சொல்லும்.

பாத்திரம் கழுவிய சோப்பு நீரிலும் துணி துவைத்த நீரிலும் சோடியம் உண்டு. கொல்லையில் வீணாகப் போகிறதே என்று அதைத் தொட்டியில் ஊற்றினால் நல்ல நீர் உள்ள ஊரிலும் களர் உண்டாகும். அரிசி, காய்கறி கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம். அடுப்புச் சாம்பலும் காரமானது. களர்ப் பகுதியில் அதைத் தொட்டியில் இட வேண்டாம்.

மழை நீர் ஒரு டிரம்

களர் நீருக்கு மிக மலிவான மருந்து மழை நீரே. 400 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டி மீட்டர் மழை பெய்தால் சுமார் 370 லிட்டர் விழுகிறது. சிதறல் போக 300 லிட்டர் பிடிக்கலாம். 200 லிட்டர் டிரம் ஒரே மழையில் நிரம்பிவிடும். நாம் மேலே சொன்ன தோட்டத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 லிட்டர் தேவை. பாதி மழை நீர், பாதி கிணற்று நீர் என்று கலந்து ஊற்றினால் ஒரு டிரம் 16 நாட்களுக்கு வரும். எஞ்சிய சோடியம் கார்பனேட்டு 4 உள்ள கிணற்று நீர் இப்படிக் கலந்ததும் 2-க்கு இறங்கி, ஓரளவு தாங்கக்கூடியதாகிவிடும். டிரம்மின் வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்ட வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கவும் கூடாது. டெங்குக் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடும்.

பட்டமும் பயிரும்

ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் தொட்டிக்கும் பொருந்தும். ஆடியில் விதைக்கும்போது காற்றைக் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, மழையில்லாமலே தொட்டியை உலர்த்திவிடும்; மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்ட வேண்டும். தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் பிடுங்கி மாலையில் நட வேண்டும். தக்காளியில் பெரியகுளம் 1, மிளகாயில் கோவில்பட்டி 1 போன்ற இரகங்களில் அடுத்த பட்டத்துக்கு வீட்டிலேயே விதை எடுத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு இரகங்களில் அப்படி எடுக்கக் கூடாது. வெண்டையை நேரே விதைத்து, தொட்டிக்கு இரண்டு செடி விட வேண்டும். கீரை விதை ஒரு சிட்டிகையை மணலுடன் கலந்து தூவி, 20-ஆம் நாளிலிருந்து கிள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் தக்காளி நட வேண்டாம். அந்தச் சூட்டில் பூ உதிரும். கீரை, வெண்டை, கொத்தவரை தாங்கும். அப்போது தண்ணீரைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்து ஊற்ற வேண்டும். களர் நீர் உள்ள ஊர்களில் பீன்ஸ், முள்ளங்கி, கேரட்டைத் தவிர்த்து, பாலக், தண்டுக்கீரை போன்றவற்றுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

உரம்

தினமும் தண்ணீர் ஊற்றுவதால் தொட்டியில் சத்துக் கரைந்து வெளியேறும். ஒரே தடவையில் அதிகம் இட்டால் வேர் கருகும். ஆகவே அளவாக, அடிக்கடி இட வேண்டும். கலவையில் தொட்டிக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு சேர்க்கலாம். பிறகு மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட வேண்டும். செடி பூக்கும் பருவத்தில் வெளுத்துத் தெரிந்தால் 17:17:17 கலப்பு உரம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, செடித் தண்டிலிருந்து தள்ளி இட்டுத் தண்ணீர் ஊற்றலாம். களர்ப் பகுதியில் தழைச்சத்துக்கு யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட்டு மேலானது. அது மண்ணின் காரத்தைச் சற்றுக் குறைக்கும். தளிர் மஞ்சளானால் லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு, மாலையில் இலை நனையத் தெளிக்கலாம். பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை தெளிக்க வேண்டும்.

பூச்சியும் நோயும்

வயலுக்கு வாங்கிய மருந்து மீதி இருக்கிறது என்று அதைக் கொல்லைச் செடிக்கு அடிப்பது மிகவும் ஆபத்தானது. வயல் பயிருக்கு அறுவடைக்கு முன் இத்தனை நாள் இடைவெளி என்று கணக்கு உண்டு. கொல்லையில் காலையில் தெளித்ததை மாலையில் குழந்தை பறித்துத் தின்னும். ஆகவே வீட்டுத் தோட்டத்தில் இரசாயன மருந்து வேண்டாம்.

பத்துப் பதினைந்து செடிகளைத் தினமும் கண்ணால் பார்க்கும் வசதி வயலில் இல்லை, கொல்லையில் உண்டு. அதுவே பெரிய மருந்து. கத்தரியில் நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் இருக்கிறது. ஓர் அங்குலம் கீழே நறுக்கி எரிக்க வேண்டும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானாலும், தக்காளியில் இலை சுருண்டாலும் அது வெள்ளை ஈ பரப்பிய நச்சுயிரி நோய். மருந்து கிடையாது; செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும். வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலுடன் கலக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, ஒரு லிட்டராக்கியும் தெளிக்கலாம். முதலில் ஒரு செடியில் தெளித்துப் பார்த்து, இலை கருகாவிட்டால் மற்றவற்றுக்கும் தெளிப்பது நல்லது.

வாழைக்குப் பக்கத்தில் கொடிக் காய்கறி வேண்டாம்

இது வாழை விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. பூசணி, வெள்ளரி, பாகல், புடலை, பீர்க்கு ஆகிய கொடிகளில் வெள்ளரித் தேமல் நச்சுயிரி தங்கும். அசுவினிகள் அதை அங்கிருந்து வாழைக்குக் கொண்டு செல்லும். வாழை இலையில் மஞ்சள் கோடுகள் தோன்றி, குருத்து அழுகி, மரம் தார் தள்ளாமலே போகும். கொல்லையில் கிடைக்கும் நாலு புடலங்காய்க்காக, அடுத்திருக்கும் வாழைத் தோட்டத்தைப் பலி கொடுக்கக் கூடாது. கொல்லையை ஒட்டி வாழை இருந்தால் கொடிக்கு அவரையை நடலாம். திருச்சி அருகே தாயனூரில் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழை நோய்களைப் பற்றிய ஐயங்களை அங்கே கேட்டுத் தெளியலாம்.

அடுத்த பயிருக்கு முன்

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று முடிந்த தொட்டியில் மற்றொன்றை நடாமல், கீரையோ வெண்டையோ கொத்தவரையோ போட வேண்டும். செடியைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மணி போன்ற முடிச்சுகள் தென்பட்டால் அது நூற்புழு. வெண்டையும் அதற்கு இரையாகும். அந்த மண்ணை ஈரமாக்கி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளில் மூடி, சித்திரை, வைகாசி வெயிலில் 4 முதல் 6 வாரம் வைத்தால் புழுவும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் அழியும். எல்லாத் தொட்டிகளிலும் பயிருக்கொரு முறை மண்ணைக் கொட்டி உலர்த்தி, கால் பங்கு புதிய தொழு உரம் சேர்த்து மீண்டும் நிரப்ப வேண்டும். இப்படிச் செய்தால் அதே மண் பல ஆண்டுகளுக்கு உதவும்.

முதல் வேலை தண்ணீர்ப் பரிசோதனை

தொட்டியும் பையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு முறை அலம்பி, நிரப்பி மூடி, பெயர், ஊர், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். நவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியிலும் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலும் இதற்கான ஆலோசனை பெறலாம். தமிழக அரசு 2021-ல் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, செடி வளர்க்கும் பை, தென்னை நார்க்கழிவு, விதை ஆகியவற்றை மானிய விலையில் வழங்கியது. இவ்வாண்டு எவை கிடைக்கின்றன என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பரிசோதனை முடிவு கைக்கு வந்தபின் நான்கு தட்டுக் கீரையும் நான்கு மிளகாய்த் தொட்டியும் வைத்துத் தொடங்கினால் போதும். ஒரு பட்டம் முழுவதும் அவற்றைப் பார்த்துப் பழகியபின் தக்காளி, கத்தரி, வெண்டையைச் சேர்த்துக்கொள்ளலாம்.